இல்லமும் நலமும்: கூரை தரும் நிழலும் கூரை தரும் சூடும்



சிதம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் வரைந்த மடல் சில வாரங்களாக நம் மேசைமேல் இருக்கிறது. அவர்கள் குடியிருந்த கூரை வீடு 2011ஆம் ஆண்டு தானே புயலில் கூரையை இழந்தது. கடன் வாங்கிச் சிமெண்ட் தகடு போட்டார்கள். அன்றுமுதல் பங்குனி பிறந்தால் குடும்பமே வாசலில் படுத்துறங்குவது வழக்கமாயிற்று. இவ்வாண்டு அது இயலவில்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். தலைப்பிரசவத்திற்கு வந்த மகள் கைக்குழந்தையோடு உள்ளே இருக்கிறாள். இருவரையும் வாசலில் கிடத்த முடியாது. தகட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பலாம் என்கிறார் கணவர். தீப்பற்றும் என்கிறார் பக்கத்து வீட்டார். தெர்மாக்கோல் அட்டையை உள்ளே ஒட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். "யார் சொல்வதைக் கேட்பது?" என்பது சகோதரியின் வினா.

இது ஒரு குடும்பத்தின் வினா அன்று. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை கடலோரமாய் நடந்து பார்ப்பவர் எவரும் இதே வினாவை வீட்டுக்கு வீடு கேட்கலாம். ஆகவே சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

முதலில் நம் முன்னோர் எதன்கீழ் வாழ்ந்தனர் என்பதைப் பார்ப்போம். வேய்தல் என்பது தமிழில் பழஞ்சொல். கீற்றால் வேய்ந்தாலும் பொன்னால் வேய்ந்தாலும் சொல் ஒன்றே. தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று முதற் பராந்தக சோழன் புகழ் பெற்றான். அந்தச் சிற்றம்பலத்தின் கூரையும் வடிவத்தில் குடிசைக் கூரையையே ஒத்திருப்பதைப் பார்த்தவர் அறிவர். வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலில் மட்டும் ஏழையின் கீற்றே பொன்னை வெல்லும். பொன் வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகம். கீற்றோ தன் இடுக்குகளில் எல்லாம் அசையாத காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கிறது. அசையாத காற்றைப்போல் வெப்பத்தைத் தடுக்கும் மலிவான பொருள் உலகில் வேறில்லை.

இதனை எண்ணாலும் காட்டலாம். கூரைக்கு மேலும் கீழும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் உள்ளிறங்குகிறது என்று பொறியியலார் கணக்கிடுவர். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, கூரைக்கு இந்த அளவு 1.2க்கு மேற்படலாகாது என்கிறது. மேற்பூச்சு ஏதுமற்ற ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்திற்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 3.5 வருகிறது. சிமெண்ட் தகட்டிற்கு 5ஐ நெருங்குகிறது. அரையடித் தடிப்பில் ஒழுங்காக வேய்ந்த கீற்றுக் கூரைக்கோ அரைக்கும் குறைவு! அரசின் விதி பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நம் பாட்டனார் குடிசை அவ்விதியில் தேறிவிட்டது.

அப்படியானால் கீற்றுக்கே திரும்பிவிடலாமே என்பீர்கள். திரும்ப இயலாது. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நெஞ்சைப் பிளப்பது.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரிந்த கூரை வகுப்பறைமேல் வீழ்ந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பல இடங்களில் கீற்று இருந்த இடத்தில் தகடு வந்தது. பிள்ளைகள் தீயிலிருந்து தப்பினர்; ஆனால் சூட்டில் அமர்ந்தனர். இந்த மாற்றத்தை நாம் குறை கூறவில்லை. உயிருக்குமுன் வியர்வை பெரிதன்று. எனினும் ஒரு தீங்கை விலக்கும்போது பழைய பொருள் செய்துவந்த நன்மையை எது செய்யும் என்று கேட்க மறந்துவிட்டோம். நம் வீடுகளிலும் நிகழ்ந்தது இதுவே.

மற்றொரு காரணம் காற்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறந்தவர் நம்மிடையே இரார். குடிசைகளின் கதி சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 90 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்த வல்லது. அதுவும் நாம் நினைப்பதுபோல் கூரையை அமுக்குவதில்லை. பெரும்பாலும் மேலே உறிஞ்சி இழுக்கிறது. முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு மிகக் கடுமை. சிமெண்ட் தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. இரும்புத் தகட்டின் எடை 5 கிலோவைத் தொடுவதே அரிது. தன் எடையால் அவை நிற்கா, கட்டினால்தான் நிற்கும். ஆகவே நம் மாவட்டத்தில் கூரையைக் குளிர்விக்கும் எந்த முயற்சியும் கூரையைக் கட்டும் முயற்சியோடு சேர்ந்தே நடைபெற வேண்டும்.  கனடாவில் குடியேறிய நம் உறவினர் வீடுகளில், ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரணில் கண்ணாடிப் பஞ்சை முழங்கால் உயரத்துக்கு நிரப்பி வைத்திருப்பர். குளிர்காலத்தில் அது வீட்டின் சூட்டை வெளியே விடாது. நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. ஆனால் வெப்பம் நடக்கும் வழி இரண்டிடத்தும் ஒன்றே.

இனி அந்த வழியைப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறத்தாழ 1,000 வாட் அளவு வெப்பம் விழுகிறது. துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி ஒன்றின் அளவென்று கொள்ளுங்கள். 300 சதுர அடி வீடு என்பது 28 சதுர மீட்டர். உங்கள் தலைக்குமேல் 28 இஸ்திரிப் பெட்டிகள்! நாள்பட்டுக் கறுத்த கான்கிரீட்டோ தகடோ இதில் மூன்றில் இரண்டு பங்கை உட்கொள்ளும். தகடு 60 பாகை செல்சியஸ்வரை கொதிக்கும். கொதித்த தகடு கீழ்நோக்கி வெப்பக் கதிரை வீசுகிறது. அடுப்பின் எதிரே அமர்ந்தவர் முகத்தில் அடிப்பதுபோல அது கட்டிலில் கிடப்பவர்மேல் அடிக்கிறது. மின்விசிறி காற்றைத்தான் அசைக்கும்; கதிரைத் தடுக்காது. மாலையில் கடற்காற்று வந்த பிறகும் கான்கிரீட் வீட்டில் உறக்கம் வராததற்குக் காரணம், பகலெல்லாம் உண்ட சூட்டைத் தளம் இரவெல்லாம் கக்குவதே.

ஆக, முதற்பணி விழும் வெயிலைத் திருப்பி அனுப்புவது. இதற்குச் சுண்ணாம்பைப்போல் எளிய மருந்தில்லை. புதிதாக வெள்ளையடித்த கூரை விழும் வெப்பத்தில் நாலில் ஒரு பங்களவே உட்கொள்ளும். நம் 28 இஸ்திரிப் பெட்டிகளில் முன்பு பதினெட்டு, பத்தொன்பது உள்ளே இறங்கியதென்றால் இப்போது ஏழே. சுண்ணாம்போடு வெள்ளைச் சிமெண்டும் சிறிது பசையும் கலந்து இரு பூச்சு பூசுவதைக் கொத்தனார் பலரும் அறிவர். மாசியில் பூச வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை அதனைக் கழுவிப் போகும். புழுதியும் பாசியும் கறுக்கச் செய்யும். ஆகையால் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை இது. இதனை ஏதோ பாமரர் கைவைத்தியம் என்று இகழ வேண்டாம். 2010ஆம் ஆண்டு மே மாத வெயிலில் பெருந்தொகையான மக்களை இழந்த ஆமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. 2017இல் எளியோர் வீடுகள் சுமார் 3,000க்குக் கூரைமேல் வெள்ளை பூசியது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் மாண்டார் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணமும் வகுத்தது. நிவாரணத்தைவிடச் சுண்ணாம்பு மலிவு என்பது நம் தாழ்மையான எண்ணம்.

சிமெண்ட் தகடு உள்ளோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தகடுகளில் கல்நார் உண்டு. அதன் நுண்ணிழைகள் மூச்சில் புகுந்தால் ஆண்டுகள் பல கழித்து நுரையீரற் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் திட்டமாகக் கூறுகிறது. முழுதாக இருக்கும் தகடு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அதனைக் காயவைத்துத் தேய்ப்பதும், அறுப்பதும், துளையிடுவதும், உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டுவதுமே தீங்கு. வெள்ளையடிக்குமுன் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். நனைத்து மெல்லத் துணியால் துடையுங்கள். புயலுக்குப்பின் உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட்டாகப் பொறுக்குவதைத் தடுத்து, நனைத்து, மூட்டையில் கட்டி அகற்றுங்கள். தகட்டின்மேல் ஏறி நிற்பவர் அது முறிந்து விழுவதும் ஆண்டுதோறும் நேர்கிறது; குறுக்கே பலகை போட்டன்றி ஏறலாகாது.

இரண்டாவது பணி, உள்ளிறங்கும் எஞ்சிய வெப்பத்தைத் தடுப்பது. சகோதரியின் கணவர் கருதுவதுபோல் தகட்டின்மேல் கீற்றைப் பரப்பினால் பயன் உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் தீயும் உண்டு. ஆடி மாதக் காற்றில் பறந்து அடுத்தவர் அடுப்படியில் விழுவதும் உண்டு. மழையில் அழுகித் தகட்டில் ஈரத்தைத் தேக்குவதும் உண்டு. பக்கத்து வீட்டார் சொல்வதே சரி. கடைக்காரர் சொல்லும் தெர்மாக்கோலும் வெப்பத்தை நன்கு தடுக்கும். அதுவும் அசையாத காற்றை அடைத்த பொருளே. ஆயினும் தீப்பட்டால் உருகிச் சொட்டி நச்சுப்புகை விடும். திறந்த வெளியாக அதனைத் தலைக்குமேல் தொங்கவிடலாகாது. அடுப்படியிலோ எந்நிலையிலும் கூடாது.

நாம் பரிந்துரைப்பது இது. தகட்டிற்கு ஓர் அடி கீழே, சுவருக்குச் சுவர் மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ கட்டி, ஜிப்சம் பலகையாலோ எளிதில் தீப்பற்றாத சிமெண்ட் நார்ப் பலகையாலோ உட்கூரை போடுங்கள். கல்நார் கலவாத பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள். வசதியுள்ளோர் அப்பலகையின் மேல்முதுகில் பளபளப்பான அலுமினியத் தாளை விரிக்கலாம். கொதிக்கும் தகடு வீசும் கதிரை அந்தத் தாள் திருப்பிவிடும். ஆனால் தாளுக்கும் தகட்டிற்கும் இடையே காற்றுவெளி வேண்டும். தகட்டோடு ஒட்டிவிட்டால் காசு வீண். முழு வீட்டுக்கும் பணமில்லையேல் நோயாளியும் குழந்தையும் படுக்கும் ஓர் அறைக்கு மட்டுமாவது செய்யுங்கள். அதுவும் முடியாதவர் கட்டிலுக்கு நேர்மேலே கோரைப்பாயை இழுத்துக் கட்டினாலும் கதிரின் கடுமை குறையும். விளக்கும் அடுப்பும் அதன் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உட்கூரைக்கு மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற வேண்டுமே! இருபுறத்து முக்கோணச் சுவரிலும் முகட்டை ஒட்டிச் சிறு சாளரம் வைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கமும்கூட. நம் கரையோரத்தில் அதற்கொரு திருத்தம் தேவை. புயற்காற்று அச்சாளரம் வழியே உட்புகுந்தால் கூரையை உள்ளிருந்து தள்ளும். மேலிருந்து இழுப்பதும் உள்ளிருந்து தள்ளுவதும் சேர்ந்தால் எந்தத் தகடும் நில்லாது. ஆதலின் மூடக்கூடிய கதவோடு வையுங்கள், ஐப்பசியில் மூடுங்கள்.

மெத்தை வீடு உடையோர்க்குச் சொல்ல வேண்டியது வேறு. கடலூர் முதுநகரில் இன்னும் நிற்கும் சில பழைய வீடுகளின் தளத்தை அண்ணாந்து பாருங்கள். மர உத்திரங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாய் அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தியது. அதன்மேல் தட்டோடு. இன்று கட்டுவோர் கான்கிரீட் தளத்தோடு கையில் இருந்த பணம் தீர்ந்ததென்று வெறுந்தளமாகவே விட்டுவிடுகின்றனர். அரசின் வீட்டுத் திட்டங்களில் கட்டிய வீடுகளிலும், 2004 ஆழிப்பேரலைக்குப்பின் மீனவர்க்குக் கட்டிய வீடுகளிலும் இக்குறையைக் காண்கிறோம். அவ்வீட்டு மக்கள் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டு பகலெல்லாம் அதனடியில் அமர்ந்திருப்பதே போதிய சாட்சி.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்ட எண்ணம், வீட்டுக்கு 3.5 லட்ச ரூபாய் உதவி. நம் பங்குகளிலும் பலர் இதனைப் பெறக்கூடும். பெறுவோர் கவனிக்க: தளத்தின்மேல் மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போட்டால், முன்பு சொன்ன 3.5 என்ற அளவு ஏறத்தாழ 2.5 ஆகும். அதனடியில் ஓர் அங்குலத் தடிப்பில் நீர் புகாத நுரைப் பலகையும் பதித்தால் 1க்கும் கீழே இறங்கி, அரசின் விதியையும் வென்றுவிடும். நுரைப் பலகை இங்கே காரைக்கு அடியில் புதைந்திருப்பதால் தீயச்சம் இல்லை. ஆனால் ஈரம் ஏறினால் அதன் பயன் குன்றும். மழைநீர் தேங்காமல் தூம்புவரை சாய்வு இருத்தல் வேண்டும். சுண்ணாம்புத் தளம் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை கூட்டும். முன்னரே கட்டி முடித்த தளமாயின் அது தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

தளம் போடுமுன்பே சிந்திப்போர்க்கு இன்னொரு வழி உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். ஓடுகளின் இடையே அடைபட்ட காற்று சூட்டையும் சிறிது தடுக்கும்; செலவும் குறையும். அவரை ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியில் ஊக்கியவர்களுள் திருவனந்தபுரம் பேராயர் மார் கிரகோரியோஸ் ஒருவர் என்பதை நம் வாசகர் அறிய மகிழ்வர்.

கூரை என்றதும் திமிர்வாதக்காரனைக் கூரைவழி இறக்கிய நால்வர் நினைவும் எழுகிறது. மாற்கு கூரையைத் தோண்டியதாகச் சொல்கிறார். லூக்காஸ் ஓடுகளைக் குறிப்பிடுகிறார். பாலஸ்தீன நாட்டு எளியோர் வீட்டுக் கூரை உத்திரத்தின்மேல் சுள்ளியும் நாணலும் பரப்பிக் களிமண் அப்பியது. மழைக்குப்பின் கல்லுருளையால் உருட்டிக் கெட்டிப்படுத்துவர். தோண்டக்கூடிய அந்த மண் கூரை வெப்பநாட்டு வெயிலுக்கு ஏற்ற கூரையும் ஆகும். அன்று வீட்டுக்காரர் மறுநாள் அதனை எவ்வளவு சிரமப்பட்டு அடைத்திருப்பார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை!

மீண்டும் காற்றுக்கு வருவோம். ஏனெனில் இதில்தான் உயிர் போகிறது. கடலோர உப்புக்காற்றில் சாதாரண ஆணியும் கம்பியும் சில ஆண்டுகளில் துருவேறி நூலாகிவிடும். தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டுகள் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும். அகன்ற வாஷரோடு முடுக்குங்கள். ஓரத்திலும் முகட்டிலும் நடுப்பகுதியைவிட இரு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள். தகட்டைச் சட்டத்தோடு கட்டிவிட்டுச் சட்டத்தைச் சுவரோடு கட்டாமல் விடுவோர் பலர். அப்போது தகடு தனியே பறவாது, கூரை முழுதுமாய்ப் பறக்கும். கைமரத்தின் அடியைச் சுவருக்குள் பதித்த இரும்புப் பட்டையால் பிணையுங்கள். சுவரைத் தாண்டி நீளும் இறவாரத்தை ஒன்றரை அடிக்குமேல் நீட்டாதீர்கள். நிழலுக்காக முன்புறம் பந்தல் போடுவோர் அதனை வீட்டுக் கூரையோடு இணைக்காமல் தனிக் கால்களில் நிறுத்துங்கள். பந்தல் போனாலும் வீட்டுக் கூரை தங்கும். தகட்டின்மேல் மணல்மூட்டையும் கல்லும் அடுக்குவது நம் ஊர்ப்பழக்கம். சிறு காற்றுக்கு அது உதவும். தானே போன்ற காற்றில் அந்தக் கற்களே வீட்டினுள் விழும்.

இவ்வளவும் ஆவணி முடியுமுன் செய்தாக வேண்டிய வேலை. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறியபின் நகராமல் நின்று பெருமழை கொட்டியதை நாம் கண்டோம். வானிலை அறிவிப்பு வந்தபின் போல்ட் வாங்கக் கடைக்கு ஓடுவதில் பொருளில்லை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எவ்வளவு இறுகக் கட்டிய தகட்டு வீடாயினும் அதில் தங்காதீர்கள். நோயாளியையும் குழந்தைகளையும் முதல் நாளே புயல் பாதுகாப்பு மையத்துக்கோ உறுதியான மெத்தை வீட்டுக்கோ கொண்டு சேருங்கள்.

மடல் வரைந்த சகோதரிக்குத் தனியாகவும் எழுதியுள்ளோம். மாமியார் அறைக்கு மட்டும் உட்கூரை, தகட்டுக்குச் சுண்ணாம்பு, ஓரங்களுக்குப் புதிய போல்ட் என்ற வரிசையில் தொடங்கச் சொல்லியிருக்கிறோம். அவர் கேட்டிருந்த மற்றொன்று, கிணற்று நீர் உப்பாகி வருவதைப் பற்றியது. அதனை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.